ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய இரண்டு கடிதங்கள்

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் மாதந்தோறும் சிறு தொகை அனுப்பிவரும் ஓர் அறநிறுவனத்தின் நன்றிக் கடிதம் அது. நீல மையில், இலேசாக வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், "அன்புள்ள ஐயா, வணக்கம்" என்று தொடங்கி, அவருடைய உதவியால் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வருவதைச் சொல்லி, ஒரு பக்கத்தில் முடிந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார். "இந்தக் காலத்துல யாரும்மா இவ்வளவு பொறுமையா உக்காந்து கையால எழுதுறாங்க?" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்த மறுகணமே எனக்குத் தெரிந்துவிட்டது. 'அன்புள்ள' என்ற சொல்லில் அடுத்தடுத்து வரும் இரண்டு ளகரங்களின் வாலும் ஒரே இடத்தில் வளைந்து, ஒரே நீளத்தில் நின்றிருந்தன. கையெழுத்து போலத் தோன்றும்படி கணினிக்கென்று செய்த அந்த எழுத்துரு (ஃபான்ட்) எனக்கு நன்கு பழக்கமானது. அதற்கு முந்தைய வாரம்தான் ஓர் ஊறுகாய் நிறுவனத்தின் பாட்டிலில் ஒட்டும் பெயர்ச்சீட்டுக்கு அதே எழுத்துருவை நான் பயன்படுத்தியிருந்தேன். ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்காங்கப்பா" என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இத்தனை மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்துவரும் நான், கையெழுத்து போலத் தோன்றும் எழுத்துருக்களை எத்தனையோ இடங்களில் வைத்திருக்கிறேன். எந்த எழுத்துரு அழகாக இருக்கும், எந்த அளவில் தெளிவாக அச்சேறும் என்று யோசித்திருக்கிறேனே தவிர, அதைப் படிப்பவர் அதை என்னவென்று நம்பிக்கொள்வார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்பா திருச்சியில் ஆர்.எம்.எஸ். எனும் ரயில் அஞ்சல் சேவையில், தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். 1974-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. முகவரியில் அதை எழுதும் பழக்கம் மக்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இரவு ரயிலின் தபால் பெட்டியில், சுவர் முழுவதும் சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு உறையின் முகவரியையும் ஒரு பார்வையில் படித்து உரிய அறையில் செருக வேண்டும். ஊர்ப் பெயரை முழுவதும் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமிருக்காது. முதலெழுத்தும், சொல்லின் நீளமும், நடுவே எங்கே கொம்பு வருகிறது, எங்கே சுழி வருகிறது என்பதும் போதும் என்பார். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து, வாத்தியாரின் கையெழுத்து, புதிதாக எழுதப் பழகிய பெண்ணின் கையெழுத்து என்று அவர் பிரித்துச் சொல்வதைச் சிறுவயதில் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். லட்சக்கணக்கான கையெழுத்துகளைப் பார்த்த அந்தக் கண்களையே ஓர் எழுத்துரு ஏமாற்றிவிட்டது. வயதும் கண்புரை அறுவை சிகிச்சையும் ஒருபுறம் இருக்கட்டும். தம்மிடம் யாரோ ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார் என்ற மகிழ்ச்சி அவர் கண்களை மறைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று மாலையே அவர் பதில் எழுத உட்கார்ந்தார். பிள்ளைகள் எந்தெந்த வகுப்பில் படிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கதைப் புத்தகங்கள் பிடிக்கும், பரணில் இருக்கும் பழைய சிறுவர் இதழ்களின் கட்டுகளை அனுப்பலாமா என்றெல்லாம் கேட்டு இரண்டு பக்கம் எழுதினார். பதில் வரும் என்று காத்திருந்தார். பகல் பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும் நேரத்தில் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசியும் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கையைப் போல எழுதும் ஈயம்

கையெழுத்தைப் பார்த்து அச்செழுத்து செய்யும் வழக்கம் கணினியோடு தொடங்கியதன்று. 1501-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சக உரிமையாளர் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் சிறு நூலில், பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து முதன்முதலாக ஒரு நூல் முழுவதும் வந்தது. அக்காலத்து எழுத்தர்களின் வேகமான சாய்ந்த கையெழுத்தை மாதிரியாகக் கொண்டது அது. இன்று நாம் 'இட்டாலிக்' என்று பொத்தானை அழுத்தி வரவழைக்கும் எழுத்தின் மூதாதை. 1557-இல் லியோன் நகரில் ரோபெர் கிரான்ஜோன் பிரெஞ்சுக்காரர்களின் அன்றாடக் கையெழுத்தையே அச்செழுத்தாக வெட்டினார். பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் கற்பிக்கும் நூல்கள் பின்னாளில் அதில் அச்சாயின. அந்த நூல்களை வைத்தே, நன்னடத்தை என்று பொருள்படும் 'சிவிலித்தே' என்ற பெயர் அந்த எழுத்துக்கு நிலைத்துவிட்டது. பிள்ளைகள் தாம் எழுதிப் பழக வேண்டிய எழுத்திலேயே படிக்கவும் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அங்கே அச்செழுத்து தன்னை ஒரு மனிதரின் கை என்று சொல்லிக்கொள்ளவில்லை. கைக்கு ஒரு மாதிரியாக நின்றது.

இன்று நாம் 'கேஷுவல்' என்று சொல்லும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசுவது போன்ற எழுத்து, விளம்பரம் பெருகிய காலத்தில் வந்தது. அமெரிக்காவில் 1942-இல் ராபர்ட் ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' அதில் ஒன்று. அவற்றில் என்னை வியக்க வைப்பது பிரான்சின் மார்செய் நகரில் ஒலிவ் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் செய்து 1953-இல் வெளிவந்த 'மிஸ்த்ரால்'. தம்முடைய கையெழுத்தையே அவர் அதற்கு அடிப்படையாக வைத்துக்கொண்டார். ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டை. ஒரு கட்டையின் வலது ஓரத்தில் கோடு எந்த உயரத்தில் முடிகிறதோ, எந்த எழுத்து அடுத்து வந்தாலும் அதே உயரத்தில் அதன் கோடு தொடங்கியாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டே, எழுத்துகள் வரிக்கு மேலும் கீழுமாகத் துள்ளுவது போலவும், ஒரே மூச்சில் எழுதியது போலவும் செய்துவிட்டார். கையின் அவசரத்தைச் செய்துகாட்ட அத்தனை நிதானம் தேவைப்பட்டிருக்கிறது.

'காமிக் சான்ஸ்' பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட்டில் வின்சென்ட் கொனேர் 1994-இல் அதை வரைந்தது ஒரு கார்ட்டூன் நாய் பேசும் வசனத்துக்காக. நாளிதழ் எழுத்தான 'டைம்ஸ் நியூ ரோமனில்' நாய் பேசுவது அவருக்குப் பொருந்தவில்லை. சித்திரக்கதைகளின் பேச்சுக் குமிழியைப் பார்த்து வரைந்தார். பின்னாளில் அது விண்டோஸ் கணினிகளோடு உலகம் முழுவதும் போய், மயான அறிவிப்பு முதல் வங்கி அறிவிப்பு வரை எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டதால், அதன்மேல் பலருக்கு வெறுப்பு வந்தது. 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் பற்றிய கண்டுபிடிப்பை அறிவித்தபோது திரையில் காட்டிய படச் சட்டங்களில் (ஸ்லைடுகளில்) அந்த எழுத்துரு இருந்ததற்காகவும் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அறிவியலாளர் அந்தப் படச் சட்டங்களைக் கையால் எழுதினார் என்று அந்த அரங்கில் இருந்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். எழுத்து எளிமையாக இருந்தது, எவரையும் ஏமாற்றவில்லை.

நம் எழுத்தில் இது எவ்வளவு கடினம்

தமிழில் கையெழுத்து எழுத்துரு செய்வது ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தவை 8 பிட் எழுத்துருக்கள். மொத்தம் 256 இடங்கள். அதில் ஆங்கிலத்துக்கும் இடம் விட்டால், தமிழ் எழுத்துகளை அடக்குவதே பெரும்பாடு. ஓர் எழுத்துக்கு இரண்டாவது வடிவம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதனால் அந்தக் காலத்துக் கையெழுத்து எழுத்துருக்கள், ஒரே ரப்பர் முத்திரையை வரிசையாகக் குத்தியது போலவே இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் யூனிகோடும், எழுத்தின் வடிவத்தை விதி வைத்து மாற்றவல்ல ஓப்பன்டைப்பும் வந்த பிறகு கோப்புக்குள் எத்தனை வடிவங்களை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாயிற்று. ஆங்கிலம் போன்ற மொழிகளின் ரோமன் எழுத்துகளுக்குப் பாப்லோ இம்பயாரி வடிவமைத்த 'கேவியட்' என்ற எழுத்துருவில், ஒரு சொல்லில் ஓர் எழுத்து மறுபடி வந்தால் அதன் வடிவம் சற்றே மாறும்படி விதி எழுதியிருக்கிறார்கள். படிப்பவர் கண் அந்தச் சிறு வேறுபாட்டைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆயினும் முத்திரை குத்திய உணர்வு போய்விடுகிறது.

அதையே தமிழில் செய்வதென்றால் என்னவாகும் என்று ஒருநாள் தாளில் எழுதிப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. மேல் விலங்கு ஒவ்வோர் எழுத்தோடும் ஒவ்வொரு விதமாகச் சேர்வதால் இகர ஈகார வரிசைக்கு 36. உகர ஊகார வரிசையில் கு, சு, து, மு என ஒவ்வொன்றும் தன்போக்கில் சுழிப்பதால் அதற்கும் 36. ஆக 121. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு நான்கையும் சேர்த்தால் 125. கிரந்த எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் இதில் சேரவில்லை. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாற்று வடிவங்கள் வரைந்தால் 375. அத்தனையும் ஒரே மனிதர், ஒரே மனநிலையில், ஒரே பேனாவால் எழுதியவை போல இருக்க வேண்டும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்து, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் எவரும் இலவசமாகப் பெறக்கூடிய 'கவிவாணர்' என்ற சாய்ந்த கையெழுத்து எழுத்துருவை முதன்முதலில் நான் திரையில் தட்டிப் பார்த்தபோது உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன். தமிழுக்கும் ரோமனுக்கும் ஒரே கையின் ஓட்டம் இருந்தது. நம் எழுத்தில் இயல்பாகவே கோடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. ஆகவே வேகத்தைச் சாய்விலும் சுழியின் விரிவிலும்தான் காட்ட முடியும். அது தெரிந்த ஒருவர் செய்தது என்பது பார்த்தவுடனே புலப்பட்டது.

அழகைப் பற்றிச் சொல்லும்போதே ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் புள்ளி என்பது அலங்காரமன்று. அது விழுந்துபோனால் கல் கல ஆகிவிடும், பால் பால ஆகிவிடும். மெல்லிய கோடுகள் கொண்ட கையெழுத்து எழுத்துருவில், கைக்குரிய அலட்சியத்தைக் காட்டுவதற்காகப் புள்ளியைச் சிறிதாகவும் சற்றுத் தள்ளியும் வைத்திருப்பார்கள். திரையில் அது மிக அழகாக இருக்கும். அதையே குங்குமச் சிவப்பு அட்டையில் பொன்னிற மையில் சிறிய அளவில் அச்சடித்தால் புள்ளிகளில் பாதி மறைந்துபோகும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழில் இப்படித்தான் நடந்தது. புள்ளியைக்கூடச் சூழலை வைத்துப் படித்துக்கொள்ளலாம். அந்த எழுத்துருவில் 1-க்கும் 7-க்கும் ஒரு சிறு மூக்குதான் வேறுபாடு. கைப்பேசி எண்ணைத் தவறாகப் படித்த உறவினர்கள் யாரோ ஒருவரை விடியற்காலையில் எழுப்பி வழி கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த அழைப்பிதழிலும் நாள், நேரம், எண் மூன்றையும் நிமிர்ந்த சாதாரண எழுத்தில்தான் வைக்கிறேன்.

குழல்விளக்கின் அடியில்

ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, அதே நிறுவனத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. அதே நீல மை, அதே சாய்வு. தீபாவளி வாழ்த்தும், புதிய கட்டடத்துக்கு உதவி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தன. அப்பா கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. கதைப் புத்தகக் கட்டுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து முதல் கடிதத்தை எடுத்துவந்தார். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தார். பின்பு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு கைகளாலும் ஓரங்களைப் பிடித்துக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வரிகள் இரண்டு இரண்டாகக் கலங்கித் தெரிந்தன. அவர் மேல் தாளை மயிரிழை அளவு இடப்பக்கம் நகர்த்தினார். "அன்புள்ள ஐயா, வணக்கம்" என்ற இரண்டு வரிகளும் ஒரே வரியாயின. அகரத்தின் சுழியின்மேல் சுழி, ளகரத்தின் வாலின்மேல் வால், புள்ளியின்மேல் புள்ளி. ஐகாரத்தின் கீழ்க்கோட்டில், பேனா சற்றே தடுமாறியது போல ஒரு நடுக்கம் வரைந்திருந்தார்கள். அந்த நடுக்கமும் நடுக்கத்தின்மேல் சரியாக உட்கார்ந்தது. மூன்று மாத இடைவெளியில் ஒரு மனிதரின் கை ஒரே இடத்தில் ஒரே அளவு நடுங்காது. அப்பா கைகளைத் தாழ்த்தினார். "இது யாரும் எழுதினது இல்லம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. தவறான ஊருக்குப் போய்விட்ட உறையைத் திருப்பி வைப்பது போல, இரண்டு தாள்களையும் மடித்து அதனதன் உறையில் போட்டார். சற்றுப் பொறுத்து என்னைப் பார்த்து, "உனக்கு அன்னைக்கே தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அப்பா விளக்கில் தூக்கிப் பார்த்த அதே சோதனை ஒருமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது என்பதைப் பின்னர் படிக்கையில் அறிந்தேன். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் 1865-இல் இறந்த சில்வியா ஆன் ஹௌலாண்டின் உயிலில் இருந்த ஒரு கையொப்பம், இன்னொன்றை ஒற்றியெடுத்தது என்ற வழக்கு அது. ஹார்வர்டின் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ், தம் மகன் சார்ல்ஸின் உதவியோடு, அந்த அம்மையாரின் ஐயமற்ற 42 கையொப்பங்களை எடுத்து, இரண்டிரண்டாகப் பொருத்திப் பார்க்கச் செய்தார். ஒவ்வொரு கையொப்பத்திலும் மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் 30. இயல்பாக எழுதியவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கோடுதான் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியது. வழக்கில் சிக்கியிருந்த கையொப்பமோ 30 கோடுகளிலும் பொருந்தியது. அப்படி இயல்பாக நேர்வது நடைமுறையில் இயலாத காரியம் என்று கணக்குப் போட்டு அவர் சாட்சி சொன்னார். நீதிமன்றம் 1868-இல் வேறொரு சட்டக் காரணத்தைக் கொண்டு தீர்ப்பு வழங்கியது என்றாலும், கையெழுத்தை ஆராய்பவர்கள் இன்றும் கைக்கொள்ளும் உண்மை அதுதான்: ஒருவருடைய இரண்டு கையொப்பங்கள் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் அவற்றுள் ஒன்றையேனும் ஐயப்பட வேண்டும்.

இதை ஒரு குற்றமாக அந்த நிறுவனத்தின்மேல் சுமத்த எனக்கு மனமில்லை. ஆயிரம் பேருக்குக் கையால் எழுத அங்கே ஆள் இருக்காது. பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. அப்பா இன்றுவரை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அந்தக் கடிதத்தை வடிவமைத்த, என்னைப் போன்ற ஒருவர், அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தபோது என்ன செய்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்து என்பது ஒருவர் நமக்காக ஒதுக்கிய நேரத்தின் தடம். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நம் பெயரை நினைத்து, ஒவ்வோர் எழுத்தாக நம்மை நோக்கி நகர்ந்திருக்கிறார் என்று தாள் சொல்கிறது. வணக்கமும் நன்றியும் ஒப்பமும் உள்ள கடிதத்தில் அந்த எழுத்துருவை வைக்கும்போது, ஒருவரும் செலவழிக்காத நேரத்தைச் செலவழித்ததாகப் படிப்பவரிடம் சொல்லிவிடுகிறோம். சாதாரண அச்செழுத்தில் வந்திருந்தால், அப்பா அதே கடிதத்தை ஒருமுறை படித்து மகிழ்ந்து மடித்து வைத்திருப்பார். திண்ணையில் காத்திருக்க மாட்டார்.

அதன் பிறகு நான் செய்வது

கையெழுத்து எழுத்துருக்களை நான் விட்டுவிடவில்லை. விட வேண்டிய தேவையும் இல்லை. ஊறுகாய் பாட்டிலில் 'வீட்டுப் பக்குவம்' என்று அந்த எழுத்தில் வைத்தால், வாங்குபவர் எவரும் ஒரு பாட்டி தம் பாட்டிலுக்கென்று எழுதி ஒட்டினாள் என்று நினைப்பதில்லை; கடையில் அதே போல நாற்பது பாட்டில்கள் அடுக்கியிருப்பதை அவர் கண்முன்னே பார்க்கிறார். சிறுவர் படக்கதையில் குழந்தை பேசும் வரிகளுக்கு அதைவிட நல்ல எழுத்து இல்லை. பாடநூலின் ஓரத்தில் ஆசிரியர் குறித்துக் கொடுப்பது போன்ற இரண்டு வரிக் குறிப்புக்கும், சமையல் குறிப்பில் 'தீயைக் குறைத்து வைக்கவும்' என்ற எச்சரிக்கைக்கும், நண்பர்கள் கூடும் சிறு நிகழ்வின் சுவரொட்டித் தலைப்புக்கும் அது மிகப் பொருத்தம். அங்கெல்லாம் அது ஒரு குரலின் சாயல். வார இதழ்களில் சிறுகதைத் தலைப்பை ஓவியரே தூரிகையால் எழுதிய காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நானே இந்த எழுத்துருக்களை முதலில் தேடிப்போனேன். ஐந்து ஆறு சொற்களுக்குள் அது நின்றுவிட வேண்டும் என்பது என் அனுபவம். ஒரு பத்தி முழுவதும் அதில் வைத்தால் கண் களைத்துப்போகும். துள்ளும் அடிக்கோட்டைப் பின்தொடர்ந்து வரி மாறும்போது இடம் தவறும்.

கடிதம் என்று வந்தால் மட்டும் மறுத்துவிடுகிறேன். தை மாதத்தில் ஒரு வாடிக்கையாளர், தம் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் முந்நூறு பேருக்குக் கையெழுத்துப் போன்ற எழுத்தில் புத்தாண்டு மடல் வேண்டும் என்று வந்தார். அப்பாவின் கதையை அவரிடம் சொன்னேன். மடலைத் தெளிவான நிமிர்ந்த அச்செழுத்தில் வைத்து, 'அன்புள்ள' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு வெற்றுக்கோடும், கீழே ஒப்பத்துக்கு ஓர் இடமும் விடுவோம். பெயரையும் ஒப்பத்தையும் நீங்களே பேனாவால் எழுதுங்கள் என்றேன். முந்நூறு பெயரா என்று முதலில் தயங்கினார். பிறகு அவரும் அவர் மனைவியும் கடை மூடிய பின் நான்கு இரவுகள் உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னார். எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்ததாம். இரண்டு பேர் இறந்துபோனதே பெயரை எழுதத் தொடங்கியபோதுதான் நினைவுக்கு வந்ததாம். அந்த இரண்டு மடல்களையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள்.

இதற்கிடையே எனக்கு ஓர் ஆசை எழுந்தது. அப்பாவின் கையெழுத்தையே ஓர் எழுத்துருவாகச் செய்துவிட வேண்டும் என்பது. யாருக்கும் கொடுப்பதற்கில்லை, வீட்டோடு இருக்கட்டும் என்றுதான். கட்டம் போட்ட தாளில் 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதித் தருமாறு கேட்டேன். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். முதல் தாள் வந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கட்டத்துக்குள் தனியே எழுதிய ஒவ்வோர் எழுத்தும் திண்ணைப் பள்ளி எழுத்தைப் போல நிமிர்ந்து நின்றது. அப்பாவின் கை அதில் எங்கும் இல்லை. ஆகவே அவர் ரயிலிலிருந்து அம்மாவுக்கு எழுதிய பழைய இன்லாண்டு கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கே எழுத்துகள் ஓடின. வண்டி குலுங்கிய இடத்தில் கொம்பு நீண்டு வரிக்கு வெளியே போயிருந்தது. நிலையத்தில் நின்ற நேரத்தில் வரி நேராகியிருந்தது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அவர் 'லை'யையும் 'னை'யையும் இரண்டு விதமாக எழுதியிருந்தார். நிதானமாக எழுதும் இடத்தில் யானைத் தும்பிக்கை போல மேலே வளையும் பழைய வடிவம். அவசரத்தில் இணைக்கொம்பு போட்ட புதிய வடிவம். ஒரே வரியில் 'வேலை' பழைய எழுத்திலும் 'காலை' புதிய எழுத்திலும் இருந்தன. எப்போது எது வரும் என்று என்னால் ஒரு விதி எழுத முடியவில்லை. அவரையே கேட்டேன். "கை எப்படிப் போச்சோ அப்படி" என்றார்.

கட்டத் தாள்களை அவர் பாதியில் விட்டுவிடவில்லை. போன வாரம் இரண்டாம் முறையாக முழுவதும் எழுதி முடித்து என்னிடம் தந்தார். புரட்டிப் பார்த்தபோது ஙகர வரிசையில் ங, ங் என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் எழுத்து இருந்தது. மற்றவை எல்லாம் வெறுமையாக இருந்தன. மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். மறக்கவில்லை என்றார். ஙௌ என்ற எழுத்து எந்த ஊர்ப் பெயரிலும், எந்த ஆள் பெயரிலும், எந்தக் கடிதத்திலும் தமக்கு எதிர்ப்பட்டதில்லை என்றும், தாம் ஒருநாளும் எழுதியிராத எழுத்தைத் தம் கையெழுத்து என்று எழுதித் தர வரவில்லை என்றும் சொன்னார். அந்தக் கட்டங்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.